டைனோசர் வயிற்றுக்குள்ளிருந்து பெண் பார்த்தவன்

பெண் பார்க்கப் போகிறவன் அன்று ஒரு பொழுதாவது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பஜ்ஜி தின்னலாம், தரையைப் பார்க்கலாம். எதையும் ரிப்பேர் செய்யக் கூடாது. இதைச் சொல்லித்தர ஆளில்லாததால்தான் இன்றைக்கும் நான் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டேன் (பள்ளிக்கூடம் வேறு மாதிரி சொல்லும்). அப்புறம் லாரி கிளீனர், பெயிண்டர், மைக்செட் ஆள், போர்வெல் வண்டியில் சமையல். எந்த ஊருக்குப் போனாலும் அடுத்த வண்டி எங்கே போகிறது என்று பார்க்கிற புத்தி. அப்பா அம்மா போய்விட்டார்கள். பல்லாவரத்தில் தோல் பை தைக்கிற என் நண்பன் ரஃபீக்கின் அறையில் ஒரு மூலை என்னுடையது. அந்த மூலை காலியானால் போதும் என்றோ என்னவோ, எனக்கு அவனே பெண் தேடினான்.

பெண் பெயர் புவனா. அனகாபுத்தூர். அவள் அண்ணன் சேகர், ரஃபீக்குக்குத் தொழிலில் பழக்கம். வீட்டுக்கு வந்து கேசரி தின்றுவிட்டுப் போன மாப்பிள்ளைகள் யாரும் திரும்பி வராததால் தெருவில் பேச்சாகிவிட்டது. இனிமேல் வெளியிடத்தில், எதேச்சையாகச் சந்தித்ததுபோல் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். இதற்கெல்லாம் வழக்கமாகக் கோயில்தான். ரஃபீக் ஒப்பவில்லை.

“கோயில்ல நாலு பேரு டிரெஸ் பண்ணிகினு நின்னாலே தெரிஞ்சிடும்டா. டைனோசராண்ட எவன் பொண்ணு பாப்பான்? ஒருத்தனுக்கும் டவுட்டு வராது.”

அப்படித்தான் பொத்தேரி தாண்டி ரோட்டோரம் இருக்கிற சிமெண்ட் டைனோசர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அய்யனார் சிலை செய்கிறவர் யாரோ கட்டியவை. எல்லா டைனோசருக்கும் அய்யனார் முழி. மீசை ஒன்றுதான் பாக்கி. கொம்பு வைத்த ஒன்றின் கழுத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

ரஃபீக்குக்கு அன்று ஆர்டர் அவசரம், வரவில்லை. தன் பெருநாள் சட்டையை எனக்கு மாட்டி, “அவங்க இன்னா கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு” என்று அனுப்பிவைத்தான். புவனாவின் அப்பா, “ஒரே எடத்துல பெர்மனென்ட் வேலைன்னு ரஃபீக் தம்பி சொன்னாரு” என்றார். ஆட்டினேன்.

எங்கள் இருவரையும் பேசிவிட்டு வரச்சொன்னார்கள். வால் பக்கமாக நடந்தோம்.

“ஒரே ஊர்ல எவ்ளோ நாள் சேர்ந்தாப்ல இருந்திருக்கீங்க?” என்று கேட்டாள் புவனா. அவளிடம் யாரும் பெர்மனென்ட் கதையைச் சொல்லவில்லை போலிருக்கிறது, அல்லது அவள் நம்பவில்லை.

“மழ புடிச்சிகிச்சின்னா கெளம்ப கொஞ்சம் லேட்டாவும்” என்றேன்.

சிரித்தாள். “எங்க வீட்டுக்குள்ள ஆத்துத் தண்ணியே வரும். கட்டில் மேல கட்டில் போட்டு எல்லாரும் ஏறி உக்காந்துக்குவோம். ஆனா எங்கயும் போக மாட்டோம்.”

தண்ணீர் வந்தும் போகாதவர்கள். தண்ணீர் வருமென்று யாரோ சொன்னதற்கே நான் ஊரைக் காலி செய்திருக்கிறேன். அந்த மேல் கட்டிலில் எனக்கும் ஓரமாக ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. அதற்குமுன் எந்த இடத்தையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

அங்கேயே வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் பெரிய டைனோசருக்கு எதிரில் வாட்ச்மேன், “கத்திகினுதாம்மா இருந்துச்சி. இப்ப தொண்ட கட்டிகிச்சி” என்றார். “கத்தினா நல்லா இருக்கும்ல?” என்றாள் புவனா. போதாதா?

வயிற்றில் ஒரு தகரக் கதவு. உள்ளே சிமெண்ட் மூட்டை, துடைப்பம், கழுத்துக்குள் ஏறுகிற ஒயர்கள். மைக்செட் புலி நுழைந்தது. நுழையும்போதே முதுகில் சட்டை கம்பியில் மாட்டியது. ஒயரைச் சரிசெய்து, ஆம்ப்ளிஃபயருக்கு உயிர் வந்துவிட்டதா என்று பார்க்க என் போனைச் செருகினேன். கர்ர் என்றது. வெளியே கைத்தட்டல்.

அப்போது போன் அடித்தது. ரஃபீக். இருட்டில் கட் பண்ணுவதாக நினைத்து எடுத்துத் தொலைத்தேன். போன் நழுவி முன்னங்கால் பொந்துக்குள் ஒயரோடு தொங்கியது. கை எட்டவில்லை. முதுகில் கம்பி விடவில்லை.

“இன்னா மச்சான், பொண்ணு எப்டி கீது?” என்று டைனோசர் கேட்டது.

“வைடா!” என்று கத்தினேன்.

“இன்னாடா கெணத்துக்குள்ளேர்ந்து பேசுற? அத்த வுடு. பெர்மனென்ட்டுன்னு நான் அட்ச்சி வுட்டுகீறேன், நீ பாட்டுக்கு உண்மைய ஒளறிடாத. சட்டைல எண்ண கிண்ண பட்டுச்சி, மவனே, கொன்னுடுவேன்.”

சட்டை அதற்குள் இரண்டாகியிருந்தது. டைனோசர் கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டது (அதுவும் ரோடு வரைக்கும் கேட்டதாம்).

“மச்சான், இந்த வாட்டியாவது ஓடிடாதடா. தூக்கத்துல கூட எந்த ஊரு வந்துச்சின்னு கேக்குறடா நீ. எனக்கே ஒரு மாரியா கீது.”

ரஃபீக் வைத்துவிட்டான். ரோட்டில் பஸ் போகிற இரைச்சல் மட்டும். அதற்கு நடுவில் ஒரு சிரிப்பு. கேலி இல்லை, அடக்கப் பார்த்து முடியாமல் வருகிற சிரிப்பு. கதவு வழியாக வளையல் போட்ட கை வந்தது. “ஆடாதீங்க, கம்பி குத்திடும்” என்று புவனா சட்டையை விடுவித்து, என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். சிமெண்ட் அப்பிய முகத்தைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, “எந்த ஊரு வந்துச்சு?” என்றாள்.

வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட நல்ல கேள்வி அது ஒன்றுதான். அனகாபுத்தூர் என்றிருக்க வேண்டும். நான் சொன்ன பதில்: “பொத்தேரி.”

அவள் கை விட்டுவிட்டது. “சொல்லி அனுப்புறோம் தம்பி” என்றார் அப்பா. இதற்கு அர்த்தம் தெரியாத அளவுக்கு நான் குறைவாகப் படிக்கவில்லை.

புவனாவுக்கு அனகாபுத்தூரிலேயே கல்யாணம் ஆகி, பெண் குழந்தையும் இருக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ரஃபீக்கைப் பார்த்த சேகர்தான் சொன்னாராம்: அவர்கள் வீட்டில் போன் அடித்தால் இன்றும் யாராவது ஒருவர், “டைனோசர் பேசுது, எடுங்க” என்பாராம். என்னைப் பார்த்தேயிராத அந்தக் குழந்தைதான் எல்லோருக்கும் முந்திச் சொல்லுமாம்.

நான் இப்போது இருப்பது வேறு ஊர். நீங்கள் படிக்கும்போது இன்னொன்றாக இருக்கலாம். சென்னையில் பெருமழை என்று டீக்கடை டிவியில் காட்டினால் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிடுவேன். ஆறு ஏறியிருக்கும். கட்டில் மேல் கட்டில் போட்டு எல்லோரும் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் எவ்வளவு என்று கேட்டு ஏதோ ஒரு சொந்தக்காரர் போன் செய்வார். மணி அடிக்கும். “டைனோசர் பேசுது” என்று அந்தக் கட்டில் மேலிருந்து என்னைச் சொல்வார்கள்.