வேனில் ஏறாத அக்கா எழுதுவது

மொனராகலை,
மாதா கோயில் மண்டபம்,
சனி மாலை.

அன்புள்ள தம்பி மத்தேயுவுக்கு,

அக்கா ஜெபமலர் எழுதிக்கொள்வது. கர்த்தர் புண்ணியத்தில் நான் சுகம், என் முழங்கால் இரண்டும் சுகம், சைக்கிளும் சுகம். வத்தளையில் நீயும் உன் வீட்டுக்காரியும் பேரப்பிள்ளைகள் இரண்டும் அதேபோல் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னது ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை. "அக்கா, ஒனக்கு அம்பத்தெட்டு வயசு. ஹாலிஎல தாண்டுறதுக்குள்ள வேன்ல ஏறிருவ. பேசாம பெட்டியக் கட்டிக்கிட்டு இங்க வா, புள்ளைங்களப் பாத்துக்கிட்டு சும்மா இரு" என்றாய். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி என்று, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் முப்பத்தொரு வருஷம் ஆயாவாக இருந்த எனக்கே தெரியவில்லை. அதனால்தான் நானும் வாக்குக் கொடுத்தேன்: பதுளையிலிருந்து பொத்துவில் கடல்வரை நாலு நாள் சைக்கிள் பயணம், கூடவே வருகிற அந்த வேனில் ஒரு காலை வைத்தாலும் உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், வைக்காமல் கடலைப் பார்த்துவிட்டால் அந்தப் பேச்சை நீ அதோடு விட வேண்டும்.

மத்தேயு, ஹாலிஎல எப்போதோ தாண்டியாச்சு. தண்ணீரும் பைகளும் ஏற்றிய வேன் எங்கள் பின்னாலேயே வருகிறது. மற்ற பத்துப் பேரும் பையை அதில் போட்டார்கள். நான் போடவில்லை, இன்றைக்குப் பையை ஏற்றினால் நாளைக்கு என்னையும் ஏற்றிவிடுவார்கள். எல்ல ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது பை கட்டியிருந்த ரப்பர் அறுந்தது. நான் என்ன செய்வேன், கையில் இருந்த கயிற்றைப் பையில் கோர்த்து, கொழுந்து எடுத்த காலத்தில் செய்த மாதிரியே தலையில் மாட்டி முதுகில் போட்டுக்கொண்டேன். உடனே ஒரு வெள்ளைக்காரர் ஓடிவந்து படம் பிடிக்கலாமா என்று கையைக் காட்டினார். பிடியுங்க, முதல்ல இதப் பிடியுங்க என்று சைக்கிளை அவர் கையில் கொடுத்துவிட்டேன். பாவம், அரை மைல் தள்ளினார். படம் எடுக்க அவருக்கு மூச்சு இருக்கவில்லை.

வெல்லவாய இறக்கம் முடிந்ததும் வந்த வெயில் இருக்கிறதே, அது வேறு. ஆற்றோரம் மருத மரத்தடியில் பார்சல் சோற்றைச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிந்ததும் என் வாய் தன்பாட்டில், "கையக் கழுவியாச்சா? எல்லாரும் படுங்க, கண்ண மூடுங்க" என்று சொல்லிவிட்டது. முப்பத்தொரு வருஷப் பழக்கம், வேறென்ன! எங்களைக் கூட்டிக்கொண்டு போகிற ஸலீம், பதுளையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவர், அவர்தான் முதலில் குறட்டை விட்டார். எங்களோடு வருகிற, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பிள்ளை யசோதினிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை, இரண்டு தட்டுத் தட்டினேன், அவளும் தூங்கிப்போனாள். எழும்பும்போது நாலு மணி. புத்தலைக்குப் போய்ச்சேர முன்னமே இருட்டிவிட்டது. "அக்கா, இது டூரு. புள்ளக் காம்பரா இல்ல" என்று ஸலீம் சத்தம் போட்டார். "அப்ப மொதல்ல தூங்குனது யாரு தம்பி?" என்று கேட்டேன். இன்றைக்கு மதியம் யாரும் சொல்லாமலே எல்லாரும் சைக்கிளைச் சாத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

காலை ஆறு மணிக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டும் இப்போது என் கையில்தான். பிந்தி வந்தால், தோட்டத்தில் அரை நாள் சம்பளத்துக்குப் போடுகிற மாதிரி, அரைப் பேர்தான் போடுவேன். அரைப் பேர்க்காரர்களுக்கு அன்றைக்குத் தேத்தண்ணீர் உண்டு, பிஸ்கட் இல்லை. உடுப்பை ஹேண்டிலில் போட்டுக் காயவைக்கிறோம், சங்கிலிக்கு எண்ணெய் விட்ட கையோடு ரொட்டி தின்கிறோம், உட்கார முடியாத இடத்துக்கெல்லாம் சித்தாலேப தைலம் தடவுகிறோம். எனக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ வருஷம், தம்பி. உன் பேரப்பிள்ளைகள் மேல் எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே. ஆனால் மற்றவர் பிள்ளைகள் தூங்கும் நேரம் பார்த்தே என் காலம் போய்விட்டது. மிச்சமிருக்கிற காலத்தை நான் மிதிக்கப்போகிறேன். நாளைக்குக் கடல். வேனில் ஏறவில்லை, ஏறவும் மாட்டேன். நீ வத்தளையில் வேறு ஆயா பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு, சின்னதுகளுக்கு ஆளுக்கொரு முத்தம். கர்த்தர் உங்களைக் காக்கட்டும். என் சைக்கிள் டயரையும் சேர்த்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
ஜெபமலர்

பின்குறிப்பு: இது ஞாயிறு, பொத்துவிலில் இருந்து எழுதுகிறேன். கடலுக்கு மூன்று மைல் இருக்கும்போது ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்து யசோதினி விழுந்துவிட்டாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. வேனில் ஏற்றினோம். "நீங்களும் வாங்கக்கா" என்று அழுதாள். அழுகிற பிள்ளையைத் தனியே அனுப்ப எனக்குத் தெரியாது. அது தெரிந்துதானே என்னை நீ கூப்பிடுகிறாய். ஏறிவிட்டேன், மத்தேயு. ஆஸ்பத்திரிவரை அவள் தலை என் மடியில்தான் இருந்தது. கடலையும் வேன் ஜன்னலால்தான் பார்த்தேன்.

வாக்கு வாக்குதான், நான் வருகிறேன். யசோதினியின் கட்டு அவிழ்த்ததும் பதுளையிலிருந்து சைக்கிளிலேயே வருகிறேன். மற்றப் பத்துப் பேரும் கூட வருகிறார்கள். எத்தனை நாள் தங்குவது என்று நாம் பேசிக்கொள்ளவில்லை, அதனால் ஒரு இரவு. பதினொரு பாய் எடுத்து வை. மதியம் சாப்பிட்டதும் எல்லாரும் படுப்போம், நீயும்தான். மறுநாள் ஆறு மணிக்குப் பெரட்டு, அது முடிந்ததும் நாங்கள் புறப்பட்டுவிடுவோம்.