பேப்பர் வாங்கினால்தான் மாவு

காலத்துக்கு ஏற்ற மாதிரி தொழிலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். மாற்றிக்கொண்ட அன்றைக்கு அவர்களில் ஒருவரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். நான் மாற்றிக்கொண்ட அன்று என் பக்கத்தில் இருந்தவை ஒரு வாளியும் ஒரு துடைப்பமும்தான்.

மேடவாக்கத்தில் நான் பேப்பர் ஏஜென்ட். என் வீட்டுக்காரர் சேகர் சிறுசேரிக்கு கம்பெனி வண்டி ஓட்டப் போனதும் ஏஜென்சி என் தலையில் விழுந்தது. விடியற்காலையில் ஸ்கூட்டரில் பேப்பர் கட்டுகளை ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பெரிய அபார்ட்மெண்டுக்கு நானே போய்ப் போடுவேன். நான் பேப்பர் போடும் லைன்களில் அதுதான் ராஜா. அந்த ராஜாவும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டிருந்தார்.

"அக்கா, அடுத்த மாசத்துலேர்ந்து பேப்பர் வேணாம். போன்லயே பாத்துக்கறோம்" என்பார்கள், ஏதோ துக்கச் செய்தி சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி. சொல்லிவிட்டு அதே மூச்சில், "இந்தப் பக்கம் நல்ல இட்லி மாவு எங்க கிடைக்கும் அக்கா?" என்றும் கேட்பார்கள்.

இதைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் என் மண்டைக்குள் பல்ப் எரிந்தது (அப்போதே யாராவது அதை அணைத்திருக்கலாம்). என் நாத்தனார் அமுதா கிழக்குத் தாம்பரத்தில் வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறாள். அவள் மாவு, என் பேப்பர், ஒரே வண்டி. வாடிக்கையாளர் கண் விழித்துக் கதவைத் திறந்தால் அறிவும் இட்லியும் சேர்ந்து வாசலில் இருக்கும். பேப்பர் வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் இனி வாய் வராது!

அமுதா மாவைத் தர ஒத்துக்கொண்டாள். ஆனால் நான் வாங்கிவைத்திருந்த கவர்களையும் சீல் மெஷினையும் பார்த்ததும் முகம் மாறியது.

"அண்ணி, இவ்ளோ டைட்டா அடைக்காதீங்க. மாவு உப்பும். கொஞ்சம் காலியா வுடுங்க. வூட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுங்க."

"அமுதா, அவங்கல்லாம் சூப்பர் மார்க்கெட்டுல வாங்கறவங்க. பாக்கெட் கும்முனு இருந்தாதான் கையில எடுப்பாங்க" என்றேன். ஐ.டி. மக்களின் மனசை அளந்து வைத்திருப்பவள் நான்தான் என்ற நினைப்பு. ஃப்ரிட்ஜிலும் வைக்கவில்லை. காலையில் கொடுக்கப்போகிற மாவுக்கு எதற்கு ஃப்ரிட்ஜ்? அது மே மாதம். கூடத்தில் ஃபேனைப் போட்டு, அதற்குக் கீழே அடுக்கிவைத்தேன்.

விடியும் முன் எழுந்து பார்த்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் தலையணைபோல் இருந்தது. அமுதா அளவில் தாராளம் காட்டியிருக்கிறாள் என்று பூரித்துப் போனேன் (பூரித்தது நான் மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது). ஒவ்வொன்றையும் அன்றைய பேப்பரில் அழகாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, மாடி மாடியாக ஏறி, பேப்பரை நிறுத்தியவர்கள் வீடு உட்பட வாசல்தோறும் ஓசி சாம்பிளாக வைத்துவிட்டு வந்தேன்.

அந்த அபார்ட்மெண்டில் பாதிப் பேர் நாவலூர் ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். வெயில் வராந்தாவுக்கு வந்து வெகு நேரம் கழித்துத்தான் எழுந்திருப்பார்கள். என் மாவோ சீக்கிரம் எழுந்துகொள்கிற ஜாதி.

முதல் போன் வாட்ச்மேனிடமிருந்து. "யக்கோவ், நீ இன்னா வெச்சிட்டுப் போன? மூணாவது மாடில டப்பு டப்புனு வெடிக்குது. எல்லாரும் பட்டாசுன்றாங்கோ!"

ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனேன். லிஃப்ட் கதவு திறந்ததும் புளித்த வாசனை வந்து என்னை வரவேற்றது. கதவுகளில் மாவு. மிதியடிகளில் மாவு. ஒரு வீட்டு வாசலில் கழற்றிவிட்டிருந்த விலை உயர்ந்த ஷூவுக்குள், யாரோ அளந்து ஊற்றிய மாதிரி மாவு. முதல் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த தலைவர் எந்தக் கட்சி என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அசோசியேஷன் செக்ரட்டரி தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். வாக்கிங் போகிற அவசரத்தில் பேப்பரை எடுத்து உதறியிருக்கிறார். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கம் மட்டும் தெளிவாக இருந்தது.

"இது என்னம்மா, சப்ளிமெண்டா?" என்றார்.

வாட்ச்மேனிடம் வாளியும் துடைப்பமும் வாங்கி மேல்மாடியிலிருந்து கழுவிக்கொண்டே இறங்கினேன். வெயிலில் காய்ந்த மாவு சிமெண்டுபோல் பிடிக்கும் என்பது அன்று கற்ற பாடம். நான் மண்டியிட்டுச் சுரண்டச் சுரண்ட, என் தலைக்கு மேலே சிலர் அதை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரச்சொன்னார்கள். சேகரும் கூட வந்தார். "இதோ பாரு, இன்னாத்துக்கு பேஜாரு? சாரின்னு சொல்லு, வந்துடலாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வாசகத்தைக்கூட மனப்பாடம் செய்திருந்தேன்.

செக்ரட்டரி ஆரம்பித்தார். "இந்த அம்மா க்ளீன் பண்ணிட்டாங்க, அது ஓகே. ஆனா இனிமே மாவும் வேணாம், பேப்பரும் வேணாம். இந்தக் காலத்துல பேப்பர் யாருங்க படிக்கறா? தினமும் குப்பைதான் சேருது."

மாவைத் திட்டியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்பேன். பேப்பரைக் குப்பை என்றதும் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோனது.

"சார், மாவு வெடிச்சது என் தப்பு. அதைக் கழுவிட்டேன். ஆனா வெள்ளம் வந்து கரண்டும் இல்லாம, டவரும் இல்லாம கிடந்தீங்களே, அப்போ பால்கனியில நின்னுக்கிட்டு 'பேப்பர் வந்துச்சா, பேப்பர் வந்துச்சா'ன்னு கூப்பிட்டது யாரு? இடுப்பளவு தண்ணியில கவர்ல சுத்தித் தலைமேல வெச்சு எடுத்துட்டு வந்தேனே, அன்னிக்கு அது குப்பையா?"

சேகர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. அந்த லைன் போனால் ஏஜென்சியை மூட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மூன்றாவது மாடி நிவேதா. நாவலூரில் வேலை. பேப்பரை முதலில் நிறுத்தியவர்களில் ஒருத்தி. அன்று அவள் வீட்டுக்கும் ஓசியில் ஒரு பாக்கெட் வைத்திருந்தேன்.

"அக்கா, எங்க வீட்டுப் பாக்கெட் வெடிக்கலை. நாங்க இட்லி ஊத்திட்டோம். செம்மையா இருந்துச்சு. அடுத்து எப்போ தருவீங்க?"

"எங்க வீட்டுலயும் வெடிக்கலை" என்றது இன்னொரு குரல். "தோசை நல்லா முறுகலா வந்துச்சு."

புத்தியுள்ள பெண்ணாக இருந்தால் அந்த இடத்தில் கும்பிட்டு, நாளைக்கே தருகிறேன் என்றிருக்க வேண்டும். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

"பேப்பர் வாங்கற வீட்டுக்குத்தான் மாவு."

"நாங்க போன்லயே படிச்சுக்கறோமே அக்கா..."

"தாராளமா படிங்க. பேப்பரைப் பிரிக்காம அப்படியே வெச்சாலும் சரி. ஆனா மாவு தனியா வராது."

சேகர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

செக்ரட்டரி சொன்ன தடையை யாரும் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் நிவேதா போன் செய்து பேப்பர் கேட்டாள். பிறகு அவள் எதிர்வீடு. மழைக்காலம் தொடங்குவதற்குள் செக்ரட்டரி வீட்டம்மாவும் கேட்டார். சார் பெயரில் வேண்டாம், தன் பெயரில் போடச்சொன்னார். மற்ற லைன்களில் ஆட்கள் குறைந்தார்கள், இன்னும் குறைகிறார்கள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த அபார்ட்மெண்டில் மட்டும் கூடினார்கள். மாவு இப்போது பாதி நிரப்பிய டப்பாவில், குளிரக் குளிரப் போகிறது. அமுதா சொன்னதைக் கேட்கிறேன். மற்ற யார் சொன்னதையும் கேட்பதில்லை.

போன வருஷம் எங்கள் பெண்ணைப் பார்க்க நாவலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சேகர் காபி ஆறுவதற்குள் கதையை ஆரம்பித்துவிட்டார். "என் சம்சாரத்தை லேசுல நினைக்காதீங்க. ஒரு அபார்ட்மெண்டையே புளிக்க வெச்சவ" என்று முடித்தார். மகளின் முகத்தில் ஈயாடவில்லை. இந்தச் சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார்.

"நெஜமாவே பேப்பர் வாங்கினாதான் மாவு தருவீங்களா?"

"ஆமாங்க. சம்பந்தியா இருந்தாலும் அதே ரூல்தான்."

"அப்போ நாளையிலேர்ந்து எங்க வீட்டுக்கும் ஒரு பேப்பர் போட்டுடுங்க" என்றார்.

நாவலூர் என் லைனே இல்லை. ஆனாலும் போடுகிறேன்.