ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாயன் வீடு

பெண்டாட்டி, பிள்ளைகளோடு தானும் தூளியில் தூங்கிய ஒரே குடும்பத் தலைவர், தாம்பரம் வட்டாரத்திலேயே எங்கள் பக்கத்து மனை தூளி சார்தான். கட்டட பிளான் வரைகிற உத்தியோகம். எண்பதுகளின் கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் மனை வாங்கியவர், மெக்சிகோ பக்கத்து மாயன் கிராமத்து வீடுகளைப் பற்றி எந்தப் பத்திரிகையிலோ படித்துத் தொலைத்தார்.

அதே மாதிரி தனக்கும் பிளான் போட்டார். ஒரே அறை. இரு கோடியிலும் அரைவட்டச் சுவர். ஜன்னல் கிடையாது. முன்னால் ஒரு கதவு, நேர் பின்னால் இன்னொன்று. ஓலைக் கூரை. சமையலுக்குக் கொல்லையில் தனிக் குடிசை.

கொத்தனார் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், வூட்ல மூலையே இல்லாம கீது. ஈசானி மூலைக்கு நான் எங்க போறது?"

"மூலை இருந்தாத்தானே கரப்பான் குடிவரும்?" என்றார் சார்.

வீடு எழும்பியது. பீரோவை வளைந்த சுவரோரம் தள்ளினால் பின்னால் ஓர் ஆள் ஒளிந்துகொள்ளலாம். கட்டில், நாற்காலி எல்லாம் போயின. ராத்திரி விட்டத்திலிருந்து கயிற்றுவலைத் தூளிகள் தொங்கும். விடிந்ததும் சுருட்டி மேலே மாட்டினால் அதுவே கூடம். மழைக்காலத்தில் அவர் மனைவி சரோஜா அக்கா கொல்லையிலிருந்து குடை பிடித்துக்கொண்டு ரசம் கொண்டுவருவார். வந்து சேரும்போது ரசம் கூடியிருக்கும்.

மகள் விஜியைப் பெண் பார்க்கக் கீழ்க்கட்டளையிலிருந்து வருவதாகச் சொன்னார்கள்.

"நாலு சேராவது வாடகைக்கு எடுங்க. இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்," என்றார் அக்கா.

சார் தலையாட்டிவிட்டு, நாலு புதுத் தூளி கட்டினார்.

மாப்பிள்ளையின் அப்பா கனத்த மனிதர். ஓரமாகத்தான் உட்கார்ந்தார். தூளி அவரை அப்படியே விழுங்கியது. இரண்டு பாதங்கள் மட்டும் கூரையைப் பார்த்தன. காபித் தட்டோடு வந்த விஜி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சரோஜா அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"சிரிச்சது பொண்ணா?" தூளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆமாங்க," என்றார் சார், ஈனசுரத்தில்.

"நல்லது. எங்க வீட்ல எல்லாம் உம்முனு இருக்கும். காபியை இங்கயே குடுங்கம்மா, முதுகுக்கு இதமா இருக்கு."

கல்யாணம் நடந்தது. விஜி புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் சாரைக் காணோம். அக்காவும் நானும் தேடிப் போனோம். சமையல் குடிசையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அங்கே அடுப்பே மூட்டவில்லை.

"புகை. கண்ணு எரியுது," என்றார்.

அக்கா முந்தானையை அவரிடம் நீட்டினார். "ஆமா, ஒரே புகை."