மாமனார் வண்டிக்கு மாப்பிள்ளை மாற்றிய கியர் ஆயில்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இன்று என் கையால் காருக்கு கியர் ஆயில் மாற்றுவது. மாற்றிவிட்டுத்தான் மறு வேலை.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது என் கார் இல்லை. மாமனாருடையது. ஆட்டோமேட்டிக் வண்டி. கிளட்ச் கிடையாது. அதுவே கியர் போட்டுக்கொள்ளும், மாமனாரைப் போல, யாரையும் கேட்காது. அவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் அவர் பச்சைக் கொடி காட்டாமல் அவர் வீட்டில் ஒரு நாற்காலி நகராது. கண்புரை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது வண்டியை எங்களிடம் விட்டுப் போனார். "பத்திரமாப் பாத்துக்குங்க மாப்பிள்ளை" என்றார், குரல் தழுதழுக்க. மகளைக் கட்டிக்கொடுத்தபோது இந்தத் தழுதழுப்பை நான் பார்க்கவில்லை.

என் மனைவி பல் டாக்டர். அந்த வண்டிமேல் அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். க்ளினிக் போய்வர வசதியாக இருக்கும் என்று அப்பாவிடம் பலமுறை கேட்டுவிட்டாள். ஒவ்வொரு முறையும் சிவப்புக் கொடிதான்.

வண்டி முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது விக்கல் எடுத்த மாதிரி ஒரு குலுக்குக் குலுக்கும். கியர் ஆயில் பழசாகிவிட்டது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நானே மாற்றிவைத்தால் மாமனார் உருகிப்போய் வண்டியையே தந்துவிடுவார் என்பது என் திட்டம். மாலை நாலு மணிக்கு அவரை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அதுவும் இதே வண்டியில். டாக்ஸியில் போய் நின்றால் "என் வண்டிக்கு என்ன ஆச்சு?" என்பார். இருக்கிற ஒரு கண்ணாலேயே எரித்துவிடுவார்.

"உங்களால முடியாது" என்றாள் மனைவி.

"ஏன் முடியாது?"

"நீங்க ப்ரூஃப் பாக்கறவர். அச்சுப் பிழை திருத்தறவருக்கு காரைப் பத்தி என்ன தெரியும்?"

"காருக்கும் அச்சு இருக்கு."

"அதுல பிழை வந்தா பேனாவால திருத்த முடியாதுங்க. பேசாம மெக்கானிக்கிட்ட விட்டுடலாம். எதிர்வீட்டுக்காரர்கூட அவர் வண்டிக்கு அவரேதான் மாத்தினாராம். ஆனா உங்களால முடியாது."

அந்த "ஆனா உங்களால" இருக்கிறதே, அதைக் கேட்ட பிறகும் சும்மா இருப்பவன் மனிதனே இல்லை. சட்டையைக் கழற்றினேன்.

கையோடு, கார் கம்பெனி தந்த விளக்கப் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தேன். பதினோரு அச்சுப் பிழை கண்டுபிடித்தேன். ஒரு இடத்தில் ஒற்று மிகாமல் விட்டிருந்தார்கள். திருத்தினேன். விஷயம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. எங்கள் தொழிலில் அது ஏறவும் கூடாது.

வண்டியைத் தூக்கி நாலு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, அட்டையை விரித்து அடியில் நுழைந்தேன். கியர் பெட்டியின் அடியில் ஒரு போல்ட். திருகினேன். திறந்தது! மை போலக் கறுப்பாக ஆயில் கொட்டியது. பாதி தொட்டியில், பாதி என் நெற்றியில். வடிந்ததை அளந்து வைத்துக்கொண்டு, அடி போல்ட்டை மாட்டினேன். அதே அளவு புது ஆயிலை ஊற்ற வேண்டியதுதான் பாக்கி.

ஊற்றுவதற்குப் பக்கவாட்டில் இன்னொரு போல்ட். அதைத் திருகினேன். அசையவில்லை. முக்கினேன். அசையவில்லை. காலை டயரில் உதைத்துக்கொண்டு முழு பலத்தோடு இழுத்தேன். இந்த முறை ஸ்பேனர் சுற்றியது. போல்ட் சுற்றவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறு மூலையோடு இருந்த போல்ட், குழந்தை சப்பிய மிட்டாய் மாதிரி உருண்டையாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய ஆயில் வெளியே. புது ஆயில் உள்ளே போக வழியில்லை. கியர் ஆயில் இல்லாத வண்டியை ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. மாமனார் இந்நேரம் ஆஸ்பத்திரியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வண்டிக்கு வெளியே இரண்டு செருப்பு வந்து நின்றது.

"என்னங்க, ஆச்சா?"

"ஆயிட்டே இருக்கு."

"பழசு வடிஞ்சாச்சா?"

"சொட்டு விடாம."

"புதுசு ஊத்தியாச்சா?"

"ஊத்திக்கிச்சு."

செருப்பு மெல்லத் திரும்பியது. பிறகு உள்ளே போய்விட்டது. திரும்பி வந்தபோது மனைவி கையுறை, முகமூடி, நெற்றியில் விளக்கு எல்லாம் மாட்டியிருந்தாள். கையில் ஒரு ஸ்ப்ரே டப்பா, ஒரு பிடிகுறடு.

"நகருங்க."

"இது கியர் பெட்டிம்மா. பல்சக்கரம் எல்லாம் இருக்கு. உனக்குப் புரியாது."

"பல்லுன்னு சொல்லிட்டீங்கல்ல? அப்ப அது என் டிபார்ட்மெண்ட். நகருங்க."

நகர்ந்தேன். அவள் படுத்து, விளக்கைத் திருப்பி, போல்ட்டைப் பார்த்தாள். நாக்கை 'ச்சு' கொட்டினாள்.

"யாரு இதை இப்படிக் குதறி வெச்சது?"

"முன்னாடி பாத்த டாக்டர்" என்றேன்.

ஸ்ப்ரே டப்பாவின் சீலைப் பிரித்து, போல்ட்டைச் சுற்றி அடித்தாள். "கொஞ்சம் பொறுங்க. மரக்கட்டும்" என்றாள். எனக்கே பயம் வந்துவிட்டது. பிறகு சுத்தியலால் லேசாகத் தட்டினாள். குறடால் கவ்விப் பிடித்தாள். இழுக்கவில்லை. முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு துளி, பிறகு தளர்த்துகிற பக்கம் ஒரு துளி, மறுபடி இறுக்குகிற பக்கம் என்று ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"பலமா இழும்மா!"

"பலமா இழுத்தா வேர் உடைஞ்சு உள்ளயே நின்னுடும். சும்மா இருங்க."

'டக்' என்று ஒரு சத்தம்.

இந்த உலகத்தில் எத்தனையோ இனிமையான ஓசைகள் இருக்கலாம். எனக்கு அந்த 'டக்'கைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர். ஆயில் பட்டதால் என்று சொல்லிக்கொண்டேன்.

குழாய் வைத்துப் புது ஆயிலை ஏற்றினோம். பிடுங்கிய பல்லை அதே குழியில் திருப்பி நட்ட ஒரே டாக்டர் இவளாகத்தான் இருப்பாள். இறுக்கிவிட்டு, "ரெண்டு நாளைக்குக் கடினமான ரோடு வேணாம்" என்றாள். வண்டியைக் கிளப்பி, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்து, அளவும் சரிபார்த்துத் தரையில் இறக்கினேன். தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினேன். விக்கல் போயே போய்விட்டது. வழுக்கிக்கொண்டு ஓடியது வண்டி. எனக்குப் போன உயிர் வந்து, வட்டியாக இன்னொரு உயிரும் வந்தது.

நாலு மணிக்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். மாமனார் ஒரு கண்ணில் மூடியோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். கட்டைப் பிரித்துச் சோதித்தபோது பார்வை நன்றாகத் தெரிந்ததாம். டாக்டரின் சட்டைப் பொத்தானில் நூல் பிரிந்திருந்ததைக்கூடப் பார்த்துவிட்டாராம்.

கொஞ்ச தூரம் போனதும் தலையைச் சாய்த்து, "என்ன, வண்டி புதுசு மாதிரி போகுதே!" என்றார்.

நான் அடக்கமாகச் சிரித்தேன். பின்சீட்டிலிருந்து மனைவி தேன் குரலில் சொன்னாள்: "உங்க மாப்பிள்ளைதாம்பா கியர் ஆயில் மாத்தினாரு. வீட்லயே."

மாமனார் தலையை நிமிர்த்தினார். "வீட்லயா? யாரை வெச்சு?"

"யாரையும் வெச்சு இல்லப்பா. அவரே அடியில படுத்து."

மாமனாரின் கை மெல்ல மேலே போய்க் கதவுக்கு மேல் இருந்த கைப்பிடியைப் பற்றியது.

"போல்ட்டெல்லாம் சரியா இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணுதாம்பா உருண்டையாயிடுச்சு."

இன்னொரு கையும் மேலே போனது. எங்கள் வீடு வரும்வரை இரண்டும் இறங்கவில்லை. இறங்கியதும் குனிந்து, ஆபரேஷன் ஆகாத கண்ணால் வண்டிக்கு அடியில் பார்த்தார். ஒரு சொட்டுகூட இல்லை. இருந்தாலும் சாவியை என்னிடமிருந்து வாங்கி மகள் கையில் வைத்தார்.

"இந்த வண்டி இனிமே எனக்கு வேண்டாம்மா. நீயே வெச்சுக்கோ."

"ஐயோ, வேணாம்பா! உங்க உயிராச்சே!"

"உயிர் வேணும்னுதான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

நான் குளிக்கப் போனேன். துடைத்தும் போகாத நெற்றி ஆயிலைத் தேய்க்கும்போது ஒரு சந்தேகம் முளைத்தது. பல் டாக்டர் வீட்டில் துரு இளக்குகிற ஸ்ப்ரே எங்கிருந்து வந்தது? அதுவும் சீல் பிரிக்காத புது டப்பா? ஈரத்தலையோடு வெளியே வந்தேன். அவள் சாவிக்குப் புது வளையம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊத்தற போல்ட் திறக்குதான்னு பாத்துட்டுத்தான் பழசை வடிக்கணும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமே."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க சரியாப் பண்ணியிருப்பீங்களே!"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வண்டி ஓடுகிறது, மாமனார் பத்திரமாகக் குறட்டை விடுகிறார், இனி ஜென்மத்துக்கும் ஒரு போல்ட்டைத் தொட வேண்டியதில்லை என்ற நிம்மதியில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

"ஏங்க, அப்பா வீட்டு வாஷிங் மெஷின் புதுசுதான், ஆனா லேசா சத்தம் போடுதாம், அடுத்த ஞாயிறு போய் அதையும் கொஞ்சம் கழட்டிப் பாக்கறீங்களா?"