நான் நாடு கடத்திய அரை ஸ்பூன்

உலகத்தில் ஓர் இடத்திலாவது என் பேச்சு எடுபட்டே தீர வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. நல்லதாகப் போயிற்று. வீட்டுக்காரி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஃப்ரேமில் லென்ஸ் பொருத்துவேன். "இப்ப தெரியுதா? இப்ப?" என்று நாள் முழுக்க நான்தான் கேட்டுக்கொண்டிருப்பேன், பதில் சொல்வது மற்றவர்கள். வீட்டுக்காரிக்கு பஸ் டிப்போவில் வேலை. எந்த டிரைவர் எந்த பஸ்ஸை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று அட்டவணை போடுகிறவள் அவள். மொத்தம் நூற்று நாற்பது டிரைவர்கள். அத்தனை பேரும் அவள் போட்ட கோட்டைத் தாண்ட மாட்டார்கள். நான் நூற்று நாற்பத்தொன்றாவது. எனக்கு பஸ் மட்டும் கிடையாது.

போன வருஷம் டாக்டர் என்னிடம் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னார். அன்றிலிருந்து என் டீயில் அரை ஸ்பூன்தான். "ஒரு ஸ்பூன் போடேன்" என்று கேட்டால், "டாக்டர் நீங்களா, நானா?" என்பாள். இரண்டு பேருமே இல்லை. ஆனால் அதைச் சொன்னால் அந்த அரை ஸ்பூனுக்கும் ஆபத்து.

சரி, ஆன்லைனிலாவது நாலு பேர் நம் பேச்சைக் கேட்கட்டும் என்று, உலகமே குடியிருக்கும் அந்தப் பெரிய சமூக வலைத்தளத்தில் இருந்தேன். ஒரு நாள், "இன்னைக்கு என்னா மழை!" என்று எழுதினேன். மூன்று பதில் வந்தது. ஒன்று குடை விளம்பரம். இரண்டாவது, வெயில் கொளுத்தும் ஏதோ தேசத்துக்காரர், "எங்கே மழை?" என்று கேட்டார். மூன்றாவது என் வீட்டுக்காரி: "துணி எடுத்தீங்களா?"

மனசு விட்டுப்போயிற்று. கடைக்கு எதிரே சாவி ரிப்பேர் செய்கிறவரிடம் புலம்பினேன். சாவிக்காரருக்கு கம்ப்யூட்டரில் கொஞ்சம் பைத்தியம்.

"அண்ணே, அது ஒரே முதலாளி நடத்தற பெரிய லாட்ஜ். அங்க நீங்க வெறும் ரூம் நம்பர். இப்ப வேற மாதிரி வந்திருக்கு. முதலாளியே கிடையாது. ஆளாளுக்குத் தனித்தனி வீடு கட்டிக்கலாம். செர்வர்னு சொல்றாங்க. வீட்டுக்கு வீடு ஜன்னல் இருக்கு, எட்டிப் பார்த்துப் பேசிக்கலாம். நாட்டுக்கு ஒரு வீடுன்னுகூட கட்டியிருக்காங்க."

"நாட்டுக்கு ஒரு வீடா?"

"ஆமா. அந்த நாட்டுக்காரங்க மட்டும் அதுல குடியிருக்காங்க. ஒரே லீவு, ஒரே மழை, ஒரே பவர்கட். 'கரண்ட் போச்சு'ன்னு ஒருத்தன் எழுதினா, 'இங்கயும்'னு முப்பது பேர் எழுதறான். அதுல ஒரு சுகம்ணே!"

"நம்ம நாட்டுக்கு?"

"இன்னும் யாரும் கட்டல."

எனக்குப் புல்லரித்தது. ஒரு நாடு, ராஜா இல்லாமல் காலியாகக் கிடக்கிறது!

"ஒரே ஒரு விஷயம்ணே. பிடிக்கலைன்னா சட்டிபானையோட அடுத்த வீட்டுக்குக் குடி போயிடலாம். ஒரே அமுக்கு. கூட்டாளிங்களும் பின்னாடியே வந்துடுவாங்க."

அந்தக் கடைசி வரி என் காதில் ஏறவில்லை. நான் அப்போது மனதுக்குள் கிரீடத்துக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பரணிலிருந்து இறக்கினேன். வைக்க இடம் வேண்டுமே? ஹாலில் ஜன்னல் ஓரமாக ஒரு மூலை காலியாக இருந்தது. காலி என்று நான் நினைத்திருந்தேன்.

"அங்க என்ன வைக்கறீங்க?"

"நாடு."

"என்னது?"

விளக்கினேன். முழுசாகக் கேட்டாள். பொறுமையாகக் கேட்டாள் என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"அந்த மூலைல சாய்வு நாற்காலி போடப் போறேன்னு ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன். டிப்போவுல நாள் முழுக்க நூத்தி நாப்பது பேரோட மல்லுக்கட்டிட்டு வர்றேன். வந்து ஒரு பத்து நிமிஷம் காத்து வாங்க எனக்கு ஒரு மூலை வேணாமா?"

"இது சமூக சேவைம்மா."

"எத்தனை பேர் வருவாங்க உங்க நாட்டுக்கு?"

"லட்சம்."

"குண்டுச்சட்டியில குதிரை ஓட்டாதீங்க. லட்சம் வேணாம். ஒரு மாசத்துல நூறு பேர் வரட்டும். வந்தா மூலை உங்களுக்கு, நான் வாயே திறக்க மாட்டேன். வரலைன்னா நாற்காலி."

அவள் வாயே திறக்க மாட்டேன் என்றதும் எனக்கு இரட்டைப் பரிசு போலத் தெரிந்தது. ஒத்துக்கொண்டேன்.

'நம் நாடு' உதயமாயிற்று. முதல் நாளே முப்பத்தொரு சட்டம் எழுதினேன். உள்ளே வர விண்ணப்பம் உண்டு. 'நீங்கள் நம் நாட்டுக்காரர்தான் என்பதற்கு ஆதாரமாக ஒரு வரி எழுதவும்.' எழுதுவதை நிர்வாகியாகிய நான் படித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி, அனுமதிப்பேன்.

முதல் வாரம் மக்கள்தொகை மூன்று. நான், சாவிக்காரர், சாவிக்காரரின் இன்னொரு அக்கவுன்ட். முதல் அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டை அவர் மறந்துவிட்டார். ஊருக்கெல்லாம் பூட்டுத் திறக்கிறவர்.

எட்டாம் நாள் ஒரு விண்ணப்பம் வந்தது. பெயர்: அரை ஸ்பூன். ஆதார வரி: 'பஸ் ஸ்டாப் போர்டு ஒரு இடத்துல இருக்கும், பஸ் நாற்பது அடி தள்ளி நிக்கும், போர்டுக்குக் கீழ நிக்கறவங்க எல்லாம் ஓடுவோம்.'

அடடா! நம்ம ஆளேதான். உடனே அனுமதித்தேன். யாரோ சமையல்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் நாடு நாடாக ஆயிற்று. யாரோ ஒரு அம்மா, "காலைல ஆறு மணிக்குள்ள பெரிய ஆஸ்பத்திரி போகணும், எப்படி?" என்று கேட்டார். அரை ஸ்பூன் பதில் போட்டது: "நாலு அம்பதுக்கு முதல் வண்டி. மார்க்கெட்ல இறங்கி எதிர்ப்பக்கம் நில்லுங்க, அஞ்சு இருபதுக்கு இன்னொண்ணு வரும். டிரைவர் நல்லவர், கை காட்டினா நிப்பாட்டுவார்." அந்த அம்மா போய்விட்டு வந்து பதினோரு சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கடல் கடந்து குளிர் தேசத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் வந்தாள். தினமும் ஒரே கேள்விதான் கேட்பாள். "இப்ப உங்க தெருவுல என்ன சத்தம் கேக்குது?" முதல் நாள் யாரும் பதில் சொல்லவில்லை. அரை ஸ்பூன்தான் ஆரம்பித்து வைத்தது. "எதிர் வீட்டுல குக்கர் விசில். மூணு. இப்ப நாலு." உடனே ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தார்கள். தண்ணி லாரி, நாய், ஸ்கூல் மணி, மாடியில் யாரோ கட்டில் இழுக்கும் சத்தம். "போதும், அழுதுடுவேன்" என்று எழுதினாள் அந்தப் பெண். எனக்கே கண் கலங்கிவிட்டது. லென்ஸ் துடைக்கும் துணியால் துடைத்துக்கொண்டேன். ஆயிரம் லைக் எதற்கு? அதே மழையில் நனைகிற நாலு பேர் போதும் என்று அன்று நிஜமாகவே தோன்றியது.

முப்பது, ஐம்பது, எழுபது என்று ஏறியது. வீட்டில் மார் தட்டினேன்.

"பார்த்தியா? எழுபத்தெட்டு!"

"பரவால்லையே. எப்படி வந்தாங்க?"

"என் சட்டதிட்டம்தான். கட்டுப்பாடு! அப்புறம், அரை ஸ்பூன்னு ஒரு ஆள் இருக்கான். எல்லா பஸ் டைமும் மனப்பாடம். வேலைவெட்டி இல்லாதவன்னு நினைக்கிறேன்."

"இருக்கும் இருக்கும்" என்று டீயை நீட்டினாள்.

இருபத்திரண்டாம் நாள். உறுப்பினர்கள் தொண்ணூற்று நான்கு. இன்னும் ஆறே ஆறு பேர். சந்தோஷம் தலைக்கேறி ஒரு போஸ்ட் எழுதினேன். 'என் வீட்டில் என் சொல்தான் சட்டம். இன்று டீயில் சர்க்கரை குறைந்திருந்தது. ஒரே ஒரு பார்வை பார்த்தேன். மறுபேச்சில்லாமல் இன்னொரு ஸ்பூன் வந்தது.'

ஐந்து நிமிஷத்தில் அரை ஸ்பூன் பதில் எழுதியது. 'நிர்வாகி ஐயா, எங்க வீட்லயும் ஒருத்தர் இப்படித்தான் பார்ப்பார். டம்ளரைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், குடிச்சுட்டுப் போயிடுவார்.'

நாடே சிரித்தது. எண்பத்தெட்டு லைக். குளிர் தேசத்து நர்ஸ், விழுந்து விழுந்து சிரிக்கும் படம் நாலு போட்டாள். சாவிக்காரர் இரண்டு அக்கவுன்ட்டிலிருந்தும் சிரித்திருந்தார். அதற்கு மட்டும் பாஸ்வேர்டு ஞாபகம் வந்துவிட்டது!

எனக்கு ரத்தம் கொதித்தது. சட்டம் முப்பத்திரண்டு எழுதினேன். 'நிர்வாகியைக் கேலி செய்தல் கூடாது.' எழுதிய கையோடு அரை ஸ்பூனை நாடு கடத்தினேன். ஒரே ஒரு பட்டன். என்ன சுகம்!

அடுப்படிக்குப் போய் அறிவித்தேன்.

"ஒருத்தனை நாடு கடத்திட்டேன்."

"ஐயையோ! என்ன பண்ணினான்?"

"கேலி பண்ணினான். எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

"அப்ப எல்லாரையும்ல கடத்தணும்?"

"பயம் இருக்கணும்மா. அப்பதான் நாடு உருப்படும்."

"தேளுக்கு மணியம் குடுத்தா ஜாமத்துக்கு ஜாமம் கொட்டுமாம்" என்று சொல்லிவிட்டு டீ ஆற்றினாள். அன்று டீயில் சர்க்கரையே இல்லை. டம்ளரைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். குடித்தேன்.

மறுநாள் காலை உறுப்பினர்கள் எழுபது. மதியம் நாற்பத்தொன்று. சாயங்காலம் கடை சாத்தும்போது இரண்டு. எதிர்க்கடைக்கு ஓடினேன்.

"என்னய்யா நடக்குது? எங்கய்யா போனாங்க எல்லாரும்?"

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைக்கவில்லை. "குடி போயிட்டாங்கண்ணே. நான்தான் அன்னைக்கே சொன்னேனே, ஒரே அமுக்குன்னு. 'டீ நேரம்'னு புதுசா ஒரு வீடு. அரை ஸ்பூன் கட்டினது. ஒரே ஒரு சட்டம்தான், 'சிரிச்சுப் பேசுங்க'ன்னு."

"யாரு செர்வர் குடுத்தது?"

"...நம்ம கடை கம்ப்யூட்டர்தான்ணே."

"துரோகி! நீயுமா போயிட்ட?"

"அங்க பஸ் டைம் கிடைக்குதுண்ணே."

"அப்ப எங்கிட்ட மிச்சம் இருக்கற ரெண்டாவது ஆள் யாரு?"

"அது என் இன்னொரு அக்கவுன்ட். திரும்ப பாஸ்வேர்டு மறந்துபோச்சு. வெளிய வர முடியல."

ஆக, என் நாட்டில் ஒரு ராஜாவும் ஒரு கைதியும். கெடு முடியும்வரை அந்தக் கைதிக்குத் தினமும் காலை வணக்கம் சொன்னேன்.

முப்பதாம் நாள் சாய்வு நாற்காலி வந்து இறங்கியது. கம்ப்யூட்டரை நானே தூக்கிப் பரணில் வைத்தேன். அவள் ஜன்னல் ஓரம் காலை நீட்டி உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். காற்றில் முடி பறந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் ஒரு ஓரமாகப் போய், வெட்கத்தை விட்டு, 'டீ நேர'த்துக்கு விண்ணப்பம் போட்டேன், வேறு பெயரில். நர்ஸ் பெண்ணுக்கு இன்றைக்கு என்ன சத்தம் கேட்டது என்று தெரியாமல் எனக்கு எட்டு நாளாகத் தூக்கமே இல்லை. 'ஆதாரமாக ஒரு வரி' என்று கேட்டது. அட, என் கேள்வியையே எடுத்துக்கொண்டிருக்கிறானே! கொஞ்ச நேரம் யோசித்து உண்மையையே எழுதினேன். 'என் வீட்டில் டீக்கு அரை ஸ்பூன் சர்க்கரைதான். கேட்டுப் பார்த்தாயிற்று. நடக்கவில்லை.'

அனுப்பு என்று அமுக்கினேன். நாற்காலியில் போன் 'டிங்' என்றது.

அவள் படித்தாள். தோள் குலுங்கியது. பிறகு தலையைத் திருப்பாமலே, "ஏங்க, இதை அன்னைக்கே எழுதியிருக்கலாம்ல?" என்றாள்.

பத்தொன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவன் நான்.

"நீ... நீயா?"

"நானேதான்."

"ஏன் சேர்ந்த? என்னைக் கவுக்கவா?"

"அட, போங்க. மூணு பேரோட உக்காந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டிருந்தீங்க, பாவமா இருந்துச்சு. நூறு பேரைச் சேர்த்துக் குடுத்துட்டு, நாற்காலியை மாடியில போட்டுக்கலாம்னு இருந்தேன். டிப்போவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். மறுநாள் காலைல ஆறு டிரைவருங்க சேர்றதா இருந்தாங்க." போனை மடியில் வைத்தாள். "அதுக்குள்ள நாடு கடத்திட்டீங்க."

நான் டம்ளரைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன்.

"எத்தனை பேர் இப்ப?" என்றேன், மெதுவாக.

"இருநூத்தி பன்னெண்டு. உங்களோட பதிமூணு." ஒரு விரலால் அமுக்கினாள். என் போன் 'டிங்' என்றது. அனுமதி! கூடவே ஒரு குறிப்பு: 'புதிய உறுப்பினரின் முன்நடத்தையை உத்தேசித்து, இவர் எழுதுவது எல்லாம் நிர்வாகி படித்த பிறகே வெளியாகும்.'

அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பழக்கம்தான். சமையலறையிலிருந்து ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு போய் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். ஜன்னல் காற்று இரண்டு பேருக்கும் போதுமானதாகவே இருந்தது. எதிர் வீட்டில் குக்கர் கத்தியது. எழுதி அனுப்பினேன். அவள் விசிலை எண்ணிப் பார்த்துவிட்டு, மூன்றை நாலாகத் திருத்தி வெளியிட்டாள்.

இந்தக் கதையும் அவள் படித்த பிறகுதான் உங்கள் கைக்கு வருகிறது. நான் ஜெயித்ததாக ஒரு முடிவு எழுதியிருந்தேன், எடுத்துவிட்டாள்.