தலைவர் வேட்பாளரும் குசினிக்குப் போன தண்ணீரும்

வன்னிப் பொறியியலாளர் ஒன்றியத்துக்குத் தலைவர் ஆவதென்று ஒரு வெள்ளிக்கிழமை முடிவெடுத்தேன். சும்மா முடிவில்லை. கொங்கிரீட் முடிவு.

எனக்கென்ன குறை? பெயர் கிருபன். தொழில் சிவில் இஞ்சினியர். கிளிநொச்சிப் பக்கத்துக் குளங்களும் வாய்க்கால்களும் என் பொறுப்பு. நான் மட்டம் பார்த்த வாய்க்காலில் தண்ணீர் கடைசி வயல்வரை முணுமுணுக்காமல் போகும். உடையார்கட்டுக் கமக்காரர் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள்.

வீட்டில்தான் நிலைமை கொஞ்சம் வேறு. மனைவி சுமித்திராவை நான் மரியாதையாக "நீர்" என்றுதான் கூப்பிடுவேன். ஆகவே, என் சொல்லுக் கேட்காத நீர் வீட்டில் இரண்டு. ஒன்று அவா. மற்றது குளியலறைத் தண்ணீர்.

அந்தக் குளியலறை நானே நின்று கட்டியது. ஒரு வாளி ஊற்றினால், தண்ணீர் மூலையில் இருக்கிற ஓட்டையைத் திரும்பியும் பாராது. கதவுக்குக் கீழால், சமையல் நடக்கிற குசினிக்கு நேரே போகும். குடிபுகுந்த நாளில் இருந்து சுமித்திரா தரையை உடைத்துத் திருப்பிப் போடச் சொல்கிறா. நானும் "வாற கிழமை" என்கிறேன். இரண்டு பேரும் களைக்கவில்லை.

"இஞ்சேரும், நான் தலைவருக்குக் கேக்கப் போறன்."

"ஆர் எதிர்?"

"வவுனியா ராஜினி. றோட்டுப் போடுற இஞ்சினியர். நல்ல மனுசி. ஆனா என்னைப்போல வருமே? பொதுக்கூட்டம் வாற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு. அதுக்கு முதல், நாளையிண்டைக்கு ஞாயிறே எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பாடு குடுப்பம். நீர் ஒரு நண்டுக்கறி வைச்சீரெண்டா, வோட்டு முழுக்க என்ர பக்கம் சாயும்."

"ஓம். அதுக்கென்ன."

மறுப்பில்லை. முறைப்பில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

ஞாயிறு மத்தியானம் எல்லாரும் வந்தார்கள். பதவி விட்டுப் போகிற தலைவர் ஏரம்பு அண்ணை வந்தார். பார்த்தால், பின்னால் ராஜினியும் வாறா!

"நான்தான் கூப்பிட்டனான்" என்று சுமித்திரா காதுக்குள் சொன்னா. "எதிராளியை விட்டுட்டுச் சாப்பாடு குடுத்தா உங்களுக்கு மதிப்பே?"

நியாயம்தான். முள்ளிவாய்க்கால் நண்டு மணத்தது. நான் எழும்பி நின்று கொள்கை விளக்கம் சொன்னேன். நண்டுக்கால் உடைகிற சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

"கை கழுவ உள்ளுக்க வாங்கோ. முத்தத்துப் பைப்பில இண்டைக்குத் தண்ணி வராது" என்றா சுமித்திரா.

அன்று காலைதான் நான் அந்தப் பைப்பில் முகம் கழுவினேன்.

இஞ்சினியர்கள் ஒவ்வொருவராகக் குளியலறைக்குள் போனார்கள். தண்ணீர் குசினிக்கு ஊர்வலம் புறப்பட்டது. ராஜினி குந்தியிருந்து தரையை ஒரு கண்ணால் பார்த்தா. ஏரம்பு அண்ணை, நண்டு மணம் போகக் கையில் தேய்க்க வைத்திருந்த ஒரு தேசிக்காயை எடுத்துத் தரையில் உருட்டினார். அது குசினிக்குள் உருண்டு, அடுப்படியில் போய் நின்றது.

"ஆரப்பா இதுக்கு மட்டம் பாத்தது? இதைவிட மட்டமா ஒருத்தனாலயும் செய்யேலாது."

"அது... ஒரு வெளி ஆள்" என்றேன்.

சுமித்திரா என்னைப் பார்த்தா. "ஓம், ஒரு ஆள்தான். பேரைச் சொன்னா உங்கள் எல்லாருக்கும் தெரியும். சொல்லட்டே?"

"வேண்டாம்! ஒருத்தற்ர பிழைப்பில நாங்கள் கை வைக்கக் கூடாது."

"இவற்ர நல்ல மனசைப் பாருங்கோ. பரவாயில்லை, வாற ஞாயிறு அந்த ஆளே வந்து உடைச்சுத் திருப்பிப் போட்டுத் தாறதெண்டு சொன்னவர். என்னப்பா, வருவார்தானே?"

எல்லாக் கண்ணும் என் மேல்.

"வ... வருவார்."

"வராட்டி எனக்கு ஒரு போன் அடியுங்கோ சுமித்திரா" என்றா ராஜினி. "ஆளின்ர பேரைக் கூட்டத்திலயே சொல்லுவம்."

அவர்கள் போனதும் நான் குதித்தேன். "அண்டைக்குத்தானே கூட்டம்! வேற நாள் கிடைக்கேல்லையே உமக்கு?"

"கூட்டம் பின்னேரம்தானே. விடிய வெள்ளன துவங்கினா மத்தியானம் முடிஞ்சிடும்."

"ஒரு மேசனைப் பிடிப்பம்."

"பிடியுங்கோ. ஆற்ர பிழையெண்டு அவர் ஊர் முழுக்கச் சொல்லட்டும்."

ஞாயிறு விடிய அலவாங்கு எடுத்தேன். என் கொங்கிரீட் பிழையான பக்கம் சாய்ந்தது உண்மை. ஆனால் என்ன உறுதி! அதை உடைக்கவே மத்தியானம் தாண்டிவிட்டது. மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று நிமிர்ந்தால், சுமித்திரா ஒரு முழுப் பை சீமெந்தைக் குழைத்து வைத்துக்கொண்டு நிற்கிறா.

"ஐயோ, போகப் போறீங்களே? இது இறுகிப் போயிடுமேயப்பா!"

குழைத்த சீமெந்து எந்தத் தேர்தலுக்கும் காத்திருக்காது. பூசினேன். மட்டம் வைத்தேன். திரும்பவும் பூசினேன். நான் நிமிரும்போது பொழுது படுகிறது.

வாசலில் வாகனம் வந்து நின்றது. ராஜினியும் ஏரம்பு அண்ணையும்.

"எங்கையடாப்பா போனனீ?" என்றார் அண்ணை. "எல்லாரும் உன்ர பேரைத்தான் சொன்னவை. நண்டுக்கறி அப்பிடி! வராத ஆளைத் தலைவராக்கேலாதெண்டு கடைசியா ராஜினியைப் போட்டம்."

ராஜினி என் கையில் காய்ந்த சீமெந்தைப் பார்த்தா. புதுத் தரையைப் பார்த்தா. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டா.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "நீர் தெரிஞ்சுகொண்டுதானே அந்த நாளைச் சொன்னனீர்?"

"பின்னை? ஏரம்பண்ணையின்ர மனுசி சொல்லி அழுதவா. தலைவரான நாளில இருந்து ஒரு ஞாயிறும் மனுசனை வீட்டில காணேல்லையாம்."

சொல்லிவிட்டு என் தோளில் அன்பாகக் கை வைத்தா. எனக்குக் கண் கலங்கியது. என்ன இருந்தாலும், என்னோடு இருக்கத்தானே ஆசைப்பட்டிருக்கிறா!

"கவலைப்படாதேங்கோப்பா. இனி ஞாயிறு ஞாயிறு சும்மாதானே இருப்பீங்கள்? வாற கிழமை கூரையைப் பாப்பம்."