பக்கம் புரட்டியவர்

பியானோவுக்குப் பக்கத்தில் நின்று இசைப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டப்போவது தான்தான் என்பது, கச்சேரி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் பொன்னுராஜுக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு மியூசிக் நோட்டு வாசிக்க வருமாமே, செயலாளரே?" என்று கேட்டார் ஆல்வின். குன்னூரிலிருந்து வந்திருந்த பியானோ வித்வான். எழுபது வயது. கறுப்புக் கோட்டு.

"வரும் சார்."

வராது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை ஒன்றில் மேலாளராக இருக்கும் பொன்னுராஜ், இசைச் சங்கத் தேர்தலில், 'சின்ன வயசுலயே நோட்டு கத்துக்கிட்டவன் நான்' என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்திருந்தார். அதை நம்பி ஓட்டுப் போட்டுவிட்டார்கள். தோற்றவள் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் பியூலா. அவள் இப்போது முதல் வரிசையில், பொன்னுராஜின் மனைவி அனுசியாவுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், நான்கு ஊர்களில் நான்கு தனிப் பியானோக் கச்சேரிகள், வாரம் ஒரு வித்வான். இந்தத் தொடரே பொன்னுராஜின் யோசனைதான். முதல் ஞாயிறு ராஜபாளையத்தில் இருநூறு பேர் வந்தார்கள்; அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பேர் மிஞ்சினார்கள். அதில் நாலு பேர் தூங்கினார்கள்.

"இன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் இப்படி ஆச்சுன்னா, மிச்ச ரெண்டு வாரமும் பட்டிமன்றம்தான்" என்று சொல்லிவிட்டார் சங்கத் தலைவர் பால்ச்சாமி.

"சார், எப்பப் புரட்டணும்னு ஒரு சைகை காட்டுனா நல்லாருக்கும்" என்றார் பொன்னுராஜ். "தெரியாம கேக்கல. சும்மா ஒரு ஒத்துமைக்கு."

"தலையை ஆட்டுறேன்" என்றார் ஆல்வின்.

கச்சேரி தொடங்கியது. ஆல்வின் தலையை ஆட்டினார். பொன்னுராஜ் புரட்டினார். மறுபடி ஆட்டினார். புரட்டினார். பிறகுதான் விஷயம் புரிந்தது. மனிதர் தாளத்துக்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடத்தில் புத்தகம் முடிந்து பின்னட்டை வந்துவிட்டது. வாசிப்போ இப்போதுதான் சூடு பிடித்திருந்தது.

பொன்னுராஜ் குனிந்தார். "சார், எங்கன இருக்கோம்?"

"நாலாம் பக்கம்" என்றார் ஆல்வின், உதடு அசையாமல்.

பின்னாலிருந்து புரட்டிக்கொண்டு வந்தால் நாலும் ஐந்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. விரலில் எச்சில் தொட்டார். பிரியவில்லை. ஊதினார். பிரியவில்லை. நகத்தை விட்டு இழுத்தார். நாற்பது வருஷத்துப் புத்தகம். தையல் விட்டு, தாள்கள் கொத்தாகக் கையோடு வந்துவிட்டன. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

தாள்கள் சபைக்குள் பறந்தன.

வீட்டுக்குப் போகலாம் என்று பையை எடுத்து எழுந்த ஒருவரை, பக்கத்தில் இருந்தவர் பிடித்து உட்கார வைத்தார். "செத்த இருலே. அவரு இத எப்படி அடுக்குதாருன்னு பாத்துட்டுப் போவோம்."

ஆளுக்கொரு தாளைப் பிடித்து, கைமாற்றி, மேடைக்கு அனுப்பினார்கள். பொன்னுராஜ் வந்த வரிசையில் அடுக்கி வைத்தார்.

"அண்ணாச்சி, தலைகீழா இருக்கு!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

திருப்பினார். இப்போது மற்றதெல்லாம் தலைகீழாகிவிட்டது. அனுசியா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆல்வினின் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. பாவம், மனிதர் எதைப் பார்த்து எதை வாசிக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டே பொன்னுராஜ் தாள்களை மறுபடி திருப்பினார்.

ஒருவழியாக முடிந்தது. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

பால்ச்சாமி மேடைக்கே ஓடிவந்தார். "பொன்னுராஜு, ஒரு ஆளு வெளிய போகலயே! மிச்ச ரெண்டு வாரமும் பியானோதான்!"

பொன்னுராஜின் காதில் எதுவும் ஏறவில்லை. ஒரு பெரியவரின் கச்சேரியை நாசமாக்கிவிட்டோம் என்ற எண்ணம்தான் அவரை அரித்தது. நேராகப் பியூலாவிடம் போனார்.

"பியூலாம்மா, எனக்கு நோட்டு வாசிக்கத் தெரியாது. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். செயலாளர் வேலைய நீங்களே பாருங்க. ராஜினாமா எழுதித் தந்துருதேன்."

"அய்யோ, எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்?" என்றாள் பியூலா. சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

அங்கேயே, கச்சேரி நோட்டீஸின் பின்பக்கத்தில், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மனசு கொஞ்சம் லேசானது. அடுத்தது ஆல்வினிடம் மன்னிப்பு. வெளியே காருக்குப் போனபோது அவர் இல்லை, உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்து வருஷமாக அவருக்குக் கார் ஓட்டும் பாரூக் மட்டும் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"அய்யா ரொம்பக் கோவமா இருக்காரா?" என்று தயங்கிக் கேட்டார் பொன்னுராஜ். "புத்தகம் இல்லாமத் தவிச்சுப் போயிட்டாரே. அவிய கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேக்கணும்."

பாரூக் சிரித்தார்.

"அய்யாவுக்கு அம்புட்டும் மனப்பாடம், அண்ணாச்சி. நோட்டு தெரியாத ஒருத்தர் பக்கத்துல நின்னு முழிச்சாத்தான் சனம் கலையாம இருக்கும்னு ஊருக்கு ஒரு ஆளைத் தேடிப் பிடிப்பாரு. உங்க ஊருல அப்படி யாரு இருக்கான்னு போன வாரம் போன்ல கேட்டப்ப, பியூலா அக்கா யோசிக்கவே இல்ல."